கட்டற்ற மென்பொருளை எவ்வளவு நம்பலாம்? காரைக்குடியிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருள் பட்டறை நடத்துகிறோம். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள், கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் விடுதிகளாக மாறிய பழைய வீடுகளுக்கு அறைப் பதிவு, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) போடுபவர்களுக்கு ஆர்டர் கணக்கு என்று எங்கள் வேலை ஓடுகிறது. இவற்றில் நாங்களே எழுதிய நிரல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உலகத்தின் பல மூலைகளில் யார் யாரோ எழுதித் திறந்து வைத்த கூறுகள். இவற்றைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அவற்றை எப்படி நம்புவது என்று கடைக்காரர்கள் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேருபவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைத் தொகுத்து, எனக்குச் சரியென்று படும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

நான் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கினேன். அதில் கட்டற்ற மென்பொருள் எங்கே வந்தது?

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு, தரையில் ஒரு பகுதி இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட டைல்ஸ், இன்னொரு அறையில் ஆத்தங்குடிக் கல். கட்டியவர் நம் ஊர்க் கொத்தனார்; பொருள் நாலா திசையிலிருந்தும் வந்தது. இன்றைய மென்பொருளும் அப்படித்தான் எழும்புகிறது. தேதியைச் சரியாக எழுத ஒரு பேக்கேஜ் (பொதியாகக் கட்டிய கூறு), பிடிஎஃப் உருவாக்க ஒன்று, கடவுச்சொல்லைப் பூட்டி வைக்க ஒன்று, தரவுத்தளத்தோடு பேச ஒன்று. நாங்கள் இருபது பேக்கேஜ்களைக் கேட்டு எடுத்தால், அந்த இருபதும் தமக்குத் தேவையான வேறு சிலவற்றை இழுத்துவரும், அவை இன்னும் சிலவற்றை. கடைசியில் எண்ணிப் பார்த்தால் சில நூறு வந்திருக்கும். பெரும்பாலானவற்றின் பெயரைக்கூட நாங்கள் வாசித்திருக்க மாட்டோம். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றாலும் உள்ளே கதை இதுதான்.

மூலநிரல் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படியென்றால் அது தானாகவே பாதுகாப்பானதுதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நம் ஊர் ஊரணியை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும்படி நம் முன்னோர் ஊரை அமைத்தார்கள். குடிநீர் ஊரணி எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் அதில் யாரும் குளிக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அதைக் கவனிக்க ஊரில் ஆளும் இருந்தார்கள். தூர் வாரினார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தது அதனால்தான். காவலும் தூர்வாரலும் நின்றுபோன ஊரணிகளும் இன்று திறந்தேதான் கிடக்கின்றன. அவற்றின் நிலைமை நமக்குத் தெரியும்.

மென்பொருளில் இது நடந்ததற்கு நல்ல உதாரணம் ஹார்ட்பிளீட் என்ற பிழை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் கூறு. வங்கி, மின்னஞ்சல், கடை என்று உலகமே அதைப் பயன்படுத்தியது. 2011 கடைசியில் அதில் ஒரு பிழை நுழைந்தது. எதிர்முனை கேட்கும் அளவு சரிதானா என்று பார்க்காமலே, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிடும் பிழை. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் அது உலகெங்கும் பரவியது. 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிரல் எல்லோர் கண் முன்னாலும் இருந்தது, உட்கார்ந்து படித்தவர்கள்தான் போதவில்லை. அந்தத் திட்டத்துக்கு அப்போது வந்துகொண்டிருந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர்தான்.

எனவே திறந்திருப்பது நமக்குச் சோதித்துப் பார்க்கும் உரிமையைக் கொடுக்கிறது. சோதிக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும்.

அப்போ மூடிய மென்பொருளே மேல் என்கிறீர்களா?

இல்லை. மூடியதில் அந்த உரிமைகூடக் கிடையாது. விற்றவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இதே திறந்த கூறுகள்தான்.

நம்பகத்தன்மை என்றால் வைரஸ் இல்லாமல் இருப்பதுதானே?

அது ஒரு பங்கு. சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறதா, தவறான தகவல் வந்தால் தடுமாறாமல் நிற்கிறதா, நாளைக்கும் கிடைக்குமா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் நம்பகத்தன்மை.

2016 மார்ச்சில் நடந்ததைச் சொன்னால் புரியும். லெஃப்ட்-பேட் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. மொத்தம் 11 வரி நிரல். பெயர் ஒன்றைப் பற்றிய தகராறில் அதை எழுதியவர் கோபித்துக்கொண்டு தன் பேக்கேஜ்களையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்களில் பில்ட், அதாவது கூறுகளைச் சேர்த்து மென்பொருளைக் கட்டும் வேலை, நின்றுபோனது. யாரும் யாரையும் தாக்கவில்லை, எதுவும் திருடு போகவில்லை. ஆனாலும் வேலை நின்றது. அதன் பிறகு அப்படி நினைத்தவுடன் எடுத்துவிட முடியாதபடி என்பிஎம் விதியை மாற்றியது. நாங்களும் பயன்படுத்தும் ஒவ்வொரு பேக்கேஜின் பிரதியையும் எங்கள் சர்வரிலேயே சேமித்து வைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தனித்தனியாகச் சோதித்தபோது நன்றாக இருந்த இரண்டு கூறுகள் சேரும்போது ஓட்டை விழலாம். ஒன்று "வரும் தகவலை அடுத்தவர் சரிபார்த்திருப்பார்" என்று எடுத்துக்கொள்ளும். மற்றதும் அதையே எடுத்துக்கொள்ளும். தூண் நல்ல தூண், உத்தரம் நல்ல உத்தரம், இரண்டும் சேரும் இடத்தில் பிடிப்பு இல்லை என்கிற கதை. அதனால் கூறுகளைச் சோதித்தால் போதாது, இணைத்த பிறகு இணைப்புகளைச் சோதிக்க வேண்டும்.

என் மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறை மாறியது இதனால்தான்.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லாக்4ஜே என்ற ஜாவா கூறில் ஓட்டை என்று செய்தி பரவியது. நிரல் ஓடும்போது நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் கூறு அது. குறிப்பில் எழுதப்படும் சொற்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி வந்தால், அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் அந்த முகவரிக்குப் போய், அங்கிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். அதாவது உள்நுழையும் பெட்டியில் பெயருக்குப் பதிலாக அந்த வரியைத் தட்டினாலே சர்வர் வெளியாள் கைக்குப் போய்விடும். அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவில் சிவிஇ-2021-44228 என்பது அதன் எண்.

அன்று மாலை எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "நம்ம கடையில அது இருக்கா?" என்று ஒரே கேள்வி. எங்கள் நிரலில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே கணினியில் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய அறிக்கை மென்பொருளும் ஓடியது. அவர்களிடம் கேட்டோம், "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் நாங்களே, ஜாவா நிரலைப் பொதிந்து வைக்கும் ஜார் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினோம். ஒரு ஜாருக்குள் இன்னொரு ஜார், அதற்குள் மூன்றாவதாக லாக்4ஜே இருந்தது. ஓட்டையை அடைப்பது அரை மணி நேர வேலை. இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் சீர் சாமான் பரப்பும்போது, எத்தனை எவர்சில்வர் அண்டா, எத்தனை பித்தளைக் குடம், எத்தனை பாய் என்று சிட்டை போடுவோம் இல்லையா? மென்பொருளுக்கும் அப்படியொரு சிட்டை வேண்டும். எந்தக் கூறு, எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது, என்ன உரிமம், எது எதை இழுத்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தத் துறையில் அதை எஸ்பாம் என்கிறார்கள். எழுதுவதற்கு இரண்டு பொது வடிவங்கள் பரவலாக உள்ளன. எஸ்பிடிஎக்ஸ் 2021-ல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. மற்றது மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பிலிருந்து வந்த சைக்ளோன்டிஎக்ஸ். கையால் எழுத வேண்டியதில்லை, சிஃப்ட் போன்ற இலவசக் கருவிகள் எழுதிக் கொடுக்கும். அந்தச் சிட்டையை ஓஎஸ்வி போன்ற பொதுத் தகவல்தளத்தோடு ஒப்பிட்டால், தெரிந்த ஓட்டைகள் எவை எவை நம்மிடம் இருக்கின்றன என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும். என்பிஎம் ஆடிட், பிப்-ஆடிட் ஆகியவையும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஒன்று மட்டும் கவனம். ஒருமுறை எழுதிப் பீரோவில் வைத்த சிட்டையால் பயனில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் அது தானாகப் புதிதாக உருவாக வேண்டும்.

புதிய பேக்கேஜ் ஒன்றைச் சேர்க்கும் முன் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?

முதலில், இது தேவைதானா என்று. பத்து வரியில் நாமே எழுதக்கூடியதற்கு ஒரு வெளிக் கூறு எதற்கு?

தேவை என்றால், பெயரை எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். பிரபலமான பேக்கேஜின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, உள்ளே விஷத்தை வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. இப்போது புதிதாக இன்னொரு தொல்லை. செயற்கை நுண்ணறிவிடம் நிரல் கேட்டால், இல்லாத பேக்கேஜ் ஒன்றின் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். அந்தப் பெயரில் ஒன்றைப் பதிவு செய்து வைத்துவிட்டால், கேட்டவர்கள் எல்லோர் கணினியிலும் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எங்களிடம் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: கருவி சொன்ன பெயரை நேரடியாக நிறுவாதீர்கள், களஞ்சியத்தில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது, புகார்களுக்குப் பதில் வருகிறதா, பாதுகாப்புக் குறை சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்களா, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், சோதனைகள் ஓடுகின்றனவா என்று பார்ப்போம். இவற்றைத் தானாகப் பார்த்து பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுக்க ஓப்பன்எஸ்எஸ்எஃப் ஸ்கோர்கார்டு என்ற கருவி இருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேலை முடிந்துபோய் அமைதியாக இருக்கும் ஒரு நல்ல சிறிய பேக்கேஜுக்குக் குறைவாக வரும். தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பதற்கு அதிகமாக வரும். உள்ளே போய் நிரலைக் கொஞ்சமாவது படியுங்கள். அரை மணி நேரம் படித்தாலே எழுதியவரின் கைநேர்த்தி தெரிந்துவிடும்.

பராமரிப்பவர் நல்லவர் என்று எப்படித் தெரியும்?

இந்தத் துறையின் ஆகக் கடினமான கேள்வி இதுதான்.

2018-ல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜில் நடந்தது முதல் எச்சரிக்கை. எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார், எழுதியவர் வெளியிடும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டார். வந்தவர் ஒரு பிட்காயின் பணப்பையைக் குறிவைத்துத் திருட்டு நிரலைச் சேர்த்தார்.

அடுத்தது எக்ஸ்இசட். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கூறு. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பல ஆண்டுகளாக ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல், தன் ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். மனச் சோர்வில் இருப்பதாக அவரே வெளிப்படையாக எழுதினார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து நல்ல நல்ல திருத்தங்களை அனுப்பினார். வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் கொடுங்கள் என்று அழுத்தம் வந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக இருந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டு உரிமை கைக்கு வந்த பிறகு, 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பில் பின்கதவை வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சேவையைத் திறந்துகொண்டு போகக்கூடிய பின்கதவு அது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். பாதுகாப்பு அவர் துறையே இல்லை. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார், ஏன் என்று விடாமல் தோண்டினார், 2024 மார்ச் 29 அன்று எல்லோருக்கும் எழுதினார். அந்தப் பதிப்பு டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான வெளியீடு போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பிடிபட்டது.

இதை வாசித்துவிட்டு "யாரையும் நம்பக் கூடாது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜியா டானை உள்ளே விட்டது ஒருவருடைய தனிமையும் சோர்வும். கூட இன்னும் இரண்டு பேர் இருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்த பிறகே சேர வேண்டும் என்ற விதியும் இருந்திருந்தால் இது மிகவும் கடினமாகியிருக்கும். ஆகவே ஒரே ஆளின் தோளில் நிற்கும் கூறு எது என்று நாங்கள் எங்கள் சிட்டையில் தனியாகக் குறித்து வைக்கிறோம். அதை விட்டு ஓடுவதற்காகக் குறிப்பதில்லை. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

நான் படித்த நிரலும், நிறுவும் கோப்பும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எக்ஸ்இசட் விவகாரத்தில் பலர் கவனிக்காமல் விட்ட பகுதி இது. பின்கதவைத் தட்டி எழுப்பும் வரிகள், நிரலை எல்லோரும் படிக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய தார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தைப் படித்தவருக்கு அவை தெரிந்திருக்காது. 1984-லேயே யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தன் ட்யூரிங் விருது உரையில் இதன் இன்னும் ஆழமான வடிவத்தை எச்சரித்திருக்கிறார். நிரலை மொழிமாற்றும் கம்பைலரே கெட்டிருந்தால், மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் திருட்டு தெரியாது என்று காட்டினார்.

இதற்கு மருந்து, ஒரே மூலத்திலிருந்து யார் கட்டினாலும் ஒரு பிட் கூட மாறாமல் ஒரே கோப்பு வரும்படி செய்வது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றிக் கையால் போடுகிறார்கள். ஒரே அச்சை வைத்து ஒருவரே போட்டாலும் இரண்டு கல் அச்சாக ஒன்றுபோல் வராது, அதுதான் அதற்கு அழகு. மென்பொருளில் அந்த வித்தியாசம்தான் ஆபத்து. கட்டிய நேரம், கணினியின் பெயர், கோப்புகள் அடுக்கிய வரிசை ஆகியவை உள்ளே ஒட்டிக்கொண்டால், இரண்டு பேர் கட்டியது வேறு வேறாக இருக்கும். எது இயல்பான வித்தியாசம், எது திருட்டு என்று சொல்ல முடியாது. டெபியன் குழுவினர் பத்தாண்டுக்கு மேலாக இந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாக நீக்கி வருகிறார்கள். வெளியே தெரியாத, பொறுமையான, மிகப் பெரிய வேலை.

அதோடு சேர்த்து, எந்த மூலத்திலிருந்து எந்த இயந்திரத்தில் கட்டப்பட்டது என்று மின்னணுக் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். 2021-ல் தொடங்கிய சிக்ஸ்டோர் என்ற திட்டம் இதை எளிதாக்கியது. சாவியைப் பத்திரப்படுத்தும் தலைவலி இல்லாமல் கையெழுத்திடலாம். கையெழுத்துகள் யாரும் திருத்த முடியாத பொதுப் பேரேட்டில் பதிவாகும். சிறிய பட்டறைக்கு இதில் இன்றே செய்யக்கூடியது ஒன்று: ஒவ்வொரு கூறின் பதிப்பு எண்ணையும், கோப்பின் கைரேகை போன்ற ஹேஷையும் பூட்டுக் கோப்பு என்ற பட்டியலில் உறுதியாக எழுதி, அது பொருந்தாவிட்டால் நிறுவவே கூடாது என்று வைப்பது.

அப்டேட் வந்தவுடன் போட்டுவிடலாமா, பொறுத்துப் போடலாமா?

இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பொறுத்ததால் கெட்டது ஈக்விஃபாக்ஸ். அமெரிக்காவில் கடன் தகுதி பார்க்கும் நிறுவனம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் கூறில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. போடாமல் விட்டதில் மே மாதம் உள்ளே நுழைந்தார்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிற்று. அவசரத்தால் கெட வாய்ப்பிருந்தது 2025 செப்டம்பர் 8. சாக், டீபக் உள்ளிட்ட 18 பிரபல பேக்கேஜ்களைப் பராமரித்தவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி, அவற்றில் திருட்டு நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் தானியங்கி அப்டேட் ஓடியவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது.

எங்கள் வழக்கம் இது. பாதுகாப்புத் திருத்தம் என்று தெளிவாக அறிவிக்கப்பட்டது, நம் மென்பொருளைத் தொடுகிறது என்றால், மாற்றங்களைப் படித்துவிட்டு அன்றே போடுகிறோம். மற்ற எல்லாப் புதிய பதிப்பையும் ஒரு வாரம் ஆற விடுகிறோம். திருட்டுப் பதிப்புகளில் பெரும்பாலானவை சில நாளில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். ஆனால் எக்ஸ்இசட் ஐந்து வாரம் தப்பித்தது, ஒரு வாரக் காத்திருப்பு அதைப் பிடித்திருக்காது. அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு கூறு கெட்டுப்போனால்?

கெடும் என்று எண்ணியே கட்ட வேண்டும்.

நம் வீடுகளில் வந்தவர் எல்லோரும் அடுப்படி வரை போவதில்லை. கணக்கு பேச வந்தவர் முகப்புத் திண்ணையோடு சரி. உறவினர் நடு முற்றமான வளவுக்கு வருவார்கள். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு. ஓர் அறைச் சாவி தொலைந்தால் மற்ற அறைகள் திறந்துகொள்வதில்லை.

மென்பொருளையும் இப்படி அறை அறையாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1975-லேயே எழுதிவிட்டார்கள்: ஒவ்வொரு பகுதிக்கும் அதன் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பிடிஎஃப் உருவாக்கும் கூறுக்கு இணையத் தொடர்பு எதற்கு? படத்தைச் சிறிதாக்கும் கூறு வாடிக்கையாளர் விவரத்தை ஏன் பார்க்க வேண்டும்? நாங்கள் இந்த மாதிரிக் கூறுகளைத் தனி கண்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டியில்), இணையம் இல்லாமல், ஒரே ஒரு கோப்புறையை மட்டும் தொடும்படி ஓட்டுகிறோம். லாக்4ஜே சமயத்தில், சர்வர் வெளியே போய் எதையும் எடுத்துவர முடியாதபடி தடுத்து வைத்திருந்தவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. வெளியே போகும் வழியை அடைப்பது பெரிய செலவில்லாத வேலை, எல்லோரும் இன்றே செய்யலாம்.

இதை வன்பொருள் வரை கொண்டுபோகும் முயற்சியும் நடக்கிறது. எஸ்ஆர்ஐ நிறுவனமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2010 முதல் உருவாக்கிவரும் செரி என்ற செயலி வடிவமைப்பில், ஒவ்வொரு நிரல்துண்டும் தனக்குக் கொடுத்த நினைவக எல்லையைத் தாண்டாமல் சில்லே பார்த்துக்கொள்ளும்.

ரஸ்ட் மொழியில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

எல்லாம் சரியாகாது, ஆனால் ஒரு பெரிய வகைப் பிழை குறையும். ஹார்ட்பிளீட் மாதிரி நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகள் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் 2019-ல் 76 சதவீதம் இருந்தன. புதிய நிரலை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கிய பின் 2024-ல் 24 சதவீதம் ஆயிற்று. ஜியா டான் போன்றவரை எந்த மொழியும் தடுக்காது.

சட்டம் ஏதாவது கட்டாயப்படுத்துகிறதா?

நம் நாட்டில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் உத்தரவில், இணையப் பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 2024 அக்டோபரில் மென்பொருள் சிட்டைக்கான தொழில்நுட்ப வழிகாட்டுதலையும் வெளியிட்டது. பங்குச் சந்தை சார்ந்த நிறுவனங்களுக்கு செபி 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிகளிலும் இந்தச் சிட்டை இருக்கிறது. ஐரோப்பாவுக்கு விற்பவர்கள் அங்குள்ள சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். உங்கள் கடைக்கு நேரடிக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மென்பொருள் வாங்கும்போது சிட்டையைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

"தம்பி, சும்மா கிடைக்கிறதுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?"

கானாடுகாத்தானில் தன் வீட்டை விடுதியாக நடத்தும் ஓர் ஆச்சி கேட்டது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு சிறு தொகையை, நாங்கள் பயன்படுத்தும் கூறுகளின் பராமரிப்பாளர்களுக்கு என்று தனி வரியாக எழுதியிருந்தோம்.

நான் அவரிடம் மகமையைச் சொன்னேன். நகரத்தார் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தனியே பேரேட்டில் எழுதி வைத்தார்கள். கோயிலும் ஊரணியும் பாடசாலையும் அப்படி நின்றன. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊரில் திறந்தது. அதற்கு நன்கொடை கொடுத்தவரும் அதனால் வாழ்ந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு 2000 டாலர், எக்ஸ்இசட்டுக்கு ஓர் ஆளின் ஓய்வு நேரம் என்று உலகம் விட்டதன் விலையை நாம் பார்த்துவிட்டோம். அந்த வரியைப் பில்லில் "மகமை" என்றே மாற்றி எழுதச் சொன்னார் ஆச்சி. இப்போது எல்லாப் பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

நான் கல்லூரி மாணவி. என்னிடம் காசு இல்லை, பெரிய அனுபவமும் இல்லை. என்னால் என்ன முடியும்?

நிறைய முடியும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சிறிய பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொற்களை எழுத்துகளாகப் பிரிக்கும் ஓப்பன்-தமிழ் பைத்தான் தொகுப்பு நல்ல இடம், மொழி நமக்குத் தெரிந்தது. அதன் சோதனைகளை உங்கள் கணினியில் ஓட்டுங்கள். வெற்று உள்ளீடு, கிரந்த எழுத்து, ஆங்கிலம் கலந்த வரி, மிக நீளமான வரி என்று அது எதிர்பார்க்காததைக் கொடுத்துப் பாருங்கள். தடுமாறினால், எப்படித் தடுமாற வைத்தீர்கள் என்று மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும்படி தெளிவாக எழுதி அனுப்புங்கள். பாதுகாப்பைத் தொடும் குறை என்றால் பொதுவில் போடாமல் பராமரிப்பவருக்குத் தனியாக எழுதுங்கள். பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படித்துக் கேள்வி கேளுங்கள். புரியவில்லை என்று கேட்பதும் ஒரு சோதனைதான், பல பிழைகள் அப்படித்தான் வெளிவந்திருக்கின்றன. களஞ்சியத்தில் உள்ள உங்கள் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். பைத்தான் களஞ்சியமான பைபிஐ 2024 தொடக்கத்திலிருந்து அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பட்டறையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து இதைச் செய்கிறோம். ஒருவர் நிரலைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் "இங்கே பூஜ்யம் வந்தால்?" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். போன மாதம் ஒரு தேதி பேக்கேஜில் பிப்ரவரி 29-ஐத் தவறாகக் கணக்கிடும் வரி ஒன்று கிடைத்தது. திருத்தி அனுப்பினோம், நான்கு நாளில் ஏற்றுக்கொண்டார்கள்.